சதைப்பற்றுள்ள செடிகளின் இலைகளில் புள்ளிகள்: மருந்து தெளிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி (தாம்பரம், சென்னை)

அனைவருக்கும் வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில், தெற்குப் பார்த்த பால்கனியில் சில சக்குலென்ட் செடிகளை வளர்த்து வருகிறேன். பருவமழை தொடங்கிய பிறகு அவற்றில் மூன்று செடிகளின் இலைகளில் புள்ளிகள் தோன்றியுள்ளன.

ஜேட் செடியில் இலைகளின் அடிப்புறத்தில், தடவினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும் பழுப்புத் தடிப்புகள் உள்ளன. மேல்புறத்தில் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகளும் தெரிகின்றன. எச்சிவேரியாவில் வெளிப்பக்கம் பார்த்த இலைகளில் மட்டும் வெளிறிய திட்டுகள் வந்து, அவை இப்போது காய்ந்து பழுப்பாகிவிட்டன. சோற்றுக்கற்றாழையில் முதலில் மஞ்சளாகத் தோன்றிய சிறு வட்டங்கள் கரும்புள்ளிகளாக மாறியுள்ளன. மேல்தளத்திலிருந்து வடியும் மழைநீர் இந்தச் செடியின் மீதுதான் சொட்டுகிறது.

நர்சரியில் விசாரித்தபோது, மூன்றுமே பூஞ்சை நோய் என்று கூறி, மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லித் தூளை வாரம் ஒரு முறை தெளிக்கச் சொன்னார்கள். கற்றாழைச் சோற்றை என் மாமியார் தலைக்கும் முகத்திற்கும் பயன்படுத்துவதால் தயக்கமாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (தாவர நோயியல் படித்தவர், கோயம்புத்தூர்)

வணக்கம் சகோதரி. புள்ளிகளின் நிறத்தோடு அவை செடியின் எந்தப் பக்கத்தில் உள்ளன என்பதையும் நீங்கள் கவனித்து எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. உங்கள் விவரிப்பைப் பார்த்தால் இவை மூன்றும் ஒரே நோய் அல்ல; அவற்றில் இரண்டு நோயே அல்ல என்று கருதுகிறேன்.

ஜேட் செடியின் அடிப்புறத் தடிப்புகள் பெரும்பாலும் நீர்க்கோப்பினால் வந்தவை. தொடர் மழையில் மண் ஈரமாகவே இருக்க, காற்றிலும் ஈரப்பதம் மிகுந்திருந்தால், வேர் உறிஞ்சும் அளவுக்கு இலையால் நீரை ஆவியாக்கி வெளியேற்ற முடியாது. அப்போது இலையின் உள்ளே இருக்கும் செல்கள் வீங்கி வெடித்து, அந்த இடம் தக்கை போல் தடித்துவிடும். இது ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குத் தொற்றாது. எந்த மருந்துக்கும் கட்டுப்படாது. நீர் விடுவதை நிறுத்தி, தொட்டியைக் காற்றோட்டமான இடத்திற்கு மாற்றினால் புதிய இலைகள் சுத்தமாக வரும். மேல்புறத்து வெள்ளைப் புள்ளிகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஜேட் இலையின் பரப்பில் நீர் கசியும் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே வெளிவரும் நீர் உலர்ந்ததும் அதிலுள்ள உப்பு அங்கேயே படிந்துவிடுகிறது. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இதைக் கூடுதலாகக் காணலாம். ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள், போய்விடும். துடைத்தும் போகாமல், வெள்ளைத் தூள் நாளுக்கு நாள் பரவினால்தான் அதைச் சாம்பல் நோய் என்று சந்தேகிக்க வேண்டும்.

எச்சிவேரியாவின் திட்டுகள் வெயில் பட்டுக் கருகியவை. சென்னையில் சித்திரைக் கடைசியிலிருந்து ஆடி முடியும் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால், தெற்குப் பால்கனிக்கு நேர் வெயில் ஏறக்குறைய வருவதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் சூரியன் தெற்கே இறங்கும்போது அதே பால்கனிக்குள் வெயில் வெகுதூரம் நுழைகிறது. பல நாள் மேகமூட்டத்தில் பழகிய இலைகளின் மீது, மழை விட்ட மறுநாள் அந்த வெயில் விழுந்தால் வெளிப்பக்கத்து இலைகள் வெளிறிப் பிறகு பழுப்பாகிவிடும். காய்ந்த திட்டாகவும், ஒரே பக்கத்திலும், மேலும் பரவாமலும் இருப்பது இதற்கு அடையாளம்.

கற்றாழை மட்டும்தான் பூஞ்சையாக இருக்கக்கூடும். மஞ்சளாகத் தொடங்கிக் கறுக்கும் வட்டப் புள்ளி, கற்றாழையைத் தாக்கும் துரு நோயின் போக்கோடு ஒத்துப்போகிறது. அதே புள்ளிகள் குழிந்து, ஈரமான நாளில் நடுவே இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறப் பசை போன்ற வித்துத் திரள் தெரிந்தால் அது கொலெட்டோட்ரைக்கம் பூஞ்சையால் வரும் ஆந்த்ராக்னோஸ். எதுவாயினும் இலையின் மேல் நீர் பல மணி நேரம் தங்கினால்தான் பூஞ்சை வித்து முளைத்து உள்ளே புகும். ஆகவே முதலில் அந்தத் தொட்டியை மேல்தளத்து நீர் சொட்டும் இடத்திலிருந்து நகர்த்துங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். புள்ளியின் அருகே ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, ஒரு வாரம் கழித்து அதே நாணயத்துடன் மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள். வெயில் கருகலும் தக்கைத் தடிப்பும் அப்படியே இருக்கும். பூஞ்சைப் புள்ளி ஈரம் தொடர்ந்தால் விரியும், அல்லது பக்கத்தில் புதிதாகத் தோன்றும். பாக்டீரியா அழுகலுக்கு ஒரு வாரம் தேவையில்லை. ஓரிரு நாளிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

பதில் 2 (நர்சரி நடத்துபவர், ஓசூர்)

மேலே ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அடைமழைக் காலத்தில் மருந்தே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நூற்றுக்கணக்கான செடிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் மான்கோசெப்பை லிட்டருக்கு 2 கிராம் கலந்து முன்கூட்டியே தெளிப்பது பயன் தரும். அது இலையின் மேல் படிந்து காக்கும் மருந்து மட்டுமே. உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சையை அது குணப்படுத்தாது, வந்த புள்ளியை மறைக்கவும் செய்யாது. பால்கனியில் நான்கைந்து தொட்டி வைத்திருப்பவர்களுக்கு, அதுவும் ஜன்னலுக்கு அருகில், அந்தத் தெளிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் வலியுறுத்த விரும்புவது மண்ணைத்தான். கடைகளில் விற்கப்படும் பல செடிகள் தென்னைநார்க் கழிவு மிகுந்த கலவையில் இருக்கின்றன. பயணத்திலும் விற்பனைக் காலத்திலும் செடி வாடாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் வீட்டிற்கு வந்த பிறகு, மழைக்காலத்தில், அதே கலவை வேர்ப்பகுதியில் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பருமணல், சலித்தெடுத்த செங்கல் துண்டு, கரித்துண்டு ஆகியவை பாதிக்கு மேல் இருக்குமாறு செம்மண்ணும் மட்கிய எருவும் சேர்த்து, அடியில் துளையுள்ள மண் தொட்டிக்கு மாற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். வைத்தே தீர வேண்டுமென்றால், தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். காலையில், இலையில் படாமல், மண் முழுவதும் காய்ந்த பிறகு நீர் விட்டால் போதும். மண்ணில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி எடுத்துப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பதில் 3 (பெங்களூரு)

யாராவது வேப்பெண்ணெய் சொல்வார்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை. எச்சிவேரியா இலையின் மேல் வெண்சாம்பல் நிறத்தில் படிந்திருப்பது தூசு அல்ல. கடும் வெயிலிலிருந்தும் ஈரத்திலிருந்தும் இலையைக் காக்கும் மெழுகுப் பூச்சு அது. எண்ணெய்க் கரைசல் அதை அழித்துவிடும். பிறகு அந்த இலையில் அது மீண்டும் உருவாகாது. எண்ணெய் பட்ட இலை வெயிலில் இன்னும் விரைவாகக் கருகும். மாவுப்பூச்சி இருந்தால் மட்டும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பூச்சியின் மேல் தொட்டால் போதும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. ஜேட் இலையின் வெள்ளைப் புள்ளிகள் ஈரத் துணியில் வந்துவிட்டன. கற்றாழையை நகர்த்திவிட்டேன், ஆனால் அதன் கீழ் இலை ஒன்றில் புள்ளிகளுக்குப் பக்கத்தில், அடிப்பாகம் கண்ணாடி போல் நீர் கோத்துத் தெரிகிறது. அழுத்தினால் குழைவாக இருக்கிறது. இதுவும் துரு நோய்தானா? மற்ற இலைகளை மாமியார் பயன்படுத்தலாமா?

பதில் 1 (தாவர நோயியல் படித்தவர், கோயம்புத்தூர்)

இல்லை சகோதரி, இது வேறு. துருப் புள்ளி கெட்டியாக, காய்ந்து இருக்கும். குழைந்து நீர் கோப்பது மென்னழுகலின் அடையாளம். பெக்டோபாக்டீரியம் வகைப் பாக்டீரியாக்கள் காயத்தின் வழியாகப் புகுந்து திசுவைக் கரைப்பதால் இப்படி ஆகிறது. அருகில் முகர்ந்தால் துர்நாற்றமும் வரும். இதற்குப் பூஞ்சைக்கொல்லி எதுவும் பயன்படாது, காத்திருக்கவும் கூடாது. அந்த இலையை இன்றே, நல்ல திசு தெரியும் வரை, ஆல்கஹாலில் துடைத்த கத்தியால் வெட்டிக் குப்பையில் போடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தியை மீண்டும் துடைக்க வேண்டும். பிறகு செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தண்டையும் வேரையும் பாருங்கள். தண்டின் நடுப்பகுதி பழுப்பாகக் குழைந்திருந்தால் தாய்ச்செடியைக் காப்பாற்ற இயலாது. பக்கக் கன்றுகள் கெட்டியாக இருந்தால் அவற்றைப் பிரித்து, வெட்டுவாய் நன்றாகக் காயும் வரை நிழலில் வைத்திருந்து, புதிய மண்ணில் நடலாம். பழைய மண்ணை வேறு தொட்டியில் போட வேண்டாம்.

இந்தச் செடியில் மருந்து எதையும் தெளிக்கவில்லை என்றாலும், அழுகலும் புள்ளியும் உள்ள நிலையில் இதிலிருந்து சோறு எடுக்க வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். புள்ளியில்லாத கன்று ஒன்றைத் தனித் தொட்டியில் வைத்து, அதை மருந்தே படாத செடியாக அவருக்கென்று வளர்த்துக் கொடுங்கள்.