117 பேரில் 48 பேரை வைத்துக்கொண்டு கொழும்பில் மேயர் எடுத்தது எப்படி?

வெள்ளவத்தை ஒழுங்கை கேட்டது:

நேற்று இரவு எங்கள் வீட்டில் இடியப்பம் ஆறிப்போகும் வரை வாக்குவாதம். கொழும்பு மாநகர சபையில் மொத்தம் 117 பேர். 2025 மே 6 தேர்தலில் திசைகாட்டிக்கு (தேசிய மக்கள் சக்தி) 48, தொலைபேசிக்கு (ஐக்கிய மக்கள் சக்தி) 29, யானைக்கு (ஐக்கிய தேசியக் கட்சி) 13, மொட்டுக்கு (பொதுஜன பெரமுன) 5. பாதிக்கு மேல் என்றால் 59 வேண்டும், 48 எடுத்தவன் எப்படி வென்றவன் என்று அப்பா கேட்கிறார். ஜூன் 16இல் திசைகாட்டியின் விராய் கெலி பல்தசார் மேயராகவே வந்துவிட்டார், இனி என்ன கணக்கு என்று மாமா. எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி போலத்தான் இருக்கிறது. சபை இப்போது உண்மையில் யார் கையில்? எங்கள் ஒழுங்கைக்கு விளக்குப் போடச் சொல்லி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அதை யாரிடம் கொடுப்பது?

ஆமர் வீதி ஆட்டோ எழுதியது:

தங்கச்சி, அப்பா சொன்னதும் சரி, மாமா சொன்னதும் சரி. சண்டையை நிறுத்தி இடியப்பத்தைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

2018இல் இந்தக் குழப்பம் வரவில்லை. அப்போது யானைக்கு 119இல் 60. பாதியைத் தாண்டிவிட்டதால் கட்சி பெயரைக் கொடுத்தது, ரோசி சேனாநாயக்க மேயர், சபையில் வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. இந்த முறை ஒருவருக்கும் பாதி இல்லை. அப்படியானால் முதல் கூட்டத்தை உள்ளூராட்சி ஆணையாளர் நடத்துவார், உறுப்பினர்கள் வாக்குப் போட்டு மேயரைத் தெரிவு செய்ய வேண்டும்.

நீங்கள் எழுதிய நாலு சின்னத்தையும் கூட்டிப் பாருங்கள், 95தான் வரும். மீதி 22 பேர் சின்னக் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும். தேர்தல் முடிந்து நாற்பது நாளுக்கு மேல் கொழும்பில் அவர்களுக்குத்தான் மாப்பிள்ளை மரியாதை. ஜூன் 16 காலையில் எனக்கு நகர மண்டபப் பக்கம் ஒரு ஹயர். வந்தவர் இறங்கி, "அஞ்சு நிமிஷம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் வந்தார். நின்ற இடத்தில் எல்லார் கையிலும் போன், எல்லார் வாயிலும் கணக்கு. வாக்கெடுப்பு பகிரங்கமா இரகசியமா என்று உள்ளே இழுபறி. கடைசியில் இரகசியம் என்றானது. பல்தசாருக்கு 61, தொலைபேசி நிறுத்திய ரிசா சரூக்குக்கு 54. கூட்டினால் 115தான், இரண்டு வாக்கு இரண்டு பேருக்குமே சேரவில்லை.

48 பேருக்கு 61 வாக்கு விழுந்தால் குறைந்தது 13 வெளியிலிருந்து வந்திருக்கிறது. யானைக்கும் 13 பேர் என்பதால் உடனே முடிச்சுப் போடாதீர்கள், அது வெறும் எண் பொருத்தம். இரகசியப் பெட்டிக்குள் போன சீட்டில் பெயர் இல்லை. யார் போட்டது என்று தெரியும் என்கிறவன் புளுகுகிறான்.

எதிர்பாராத மேயர் எங்கள் ஊருக்குப் புதுசும் இல்லை. 2006இல் யானையின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. அவர்கள் ஆதரவு கொடுத்த சுயேச்சைக் குழுவின் சின்னம் மூக்குக்கண்ணாடி. அது வென்று, உவைஸ் முகம்மது இம்தியாஸ் மேயரானார். என்ன தொழில் தெரியுமா? ஆட்டோ ஓட்டினவர்! என் வண்டியின் பின் ரெக்சினில் அப்போது கறுப்புப் பெயிண்டால் ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சின்னன், நானே வரைந்தது. எங்கள் ஸ்டாண்டில் ஒருவனுக்கு அன்று வைத்த "மேயர்" என்ற பட்டப்பெயர் இன்றைக்கும் போகவில்லை. அவன் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

மனுவை உங்கள் வட்டாரத்தில் வென்றவரிடம் கொடுங்கள். அவர் எந்தச் சின்னமாக இருந்தாலும் பரவாயில்லை. வட்டாரத்தில் வெல்லாமல் கட்சிப் பட்டியலில் வந்தவர்களுக்கு வட்டாரம் கிடையாது. ஒரு பிரதி எடுத்து, வாங்கியதாகக் கையெழுத்தும் திகதியும் போடச் சொல்லுங்கள்.

நல்லூர் வீதி எழுதியது:

ஆட்டோ அண்ணை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மேயராக வருவதற்கு ஒருநாள் வாக்குப் போதும். இருப்பதற்கு வரவு செலவுத் திட்டத்துக்கும் வாக்கு வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பட்டது இது. 2018 சபை, 45 பேர், பாதி ஒருவருக்கும் இல்லை. ஆர்னோல்ட் மேயரானார். 2020 டிசம்பரில் அவருடைய வரவு செலவுத் திட்டம் இரண்டு தடவை தோற்றது, பதவி போய்விட்டது. அந்த மாதம் 30ஆம் திகதி திரும்ப வாக்கெடுப்பு. மணிவண்ணனுக்கு 21, ஆர்னோல்ட்டுக்கு 20. ஒரே ஒரு வாக்கு!

அதனால் உங்கள் அப்பாவின் 59 செத்துப்போன கணக்கு இல்லை. டிசம்பரில் திரும்ப வரும்.

வெள்ளவத்தை ஒழுங்கை எழுதியது:

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், மீசைக்குள் சிரிப்பு. மாமா விடுகிற மாதிரி இல்லை. நகர மண்டபத்துக்குள் இடதுசாரி மேயர் போவது சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை என்று புதிதாக ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். அது உண்மையா?

ஆமர் வீதி ஆட்டோ எழுதியது:

மாமாவுக்கு வயது எத்தனை? 1954இல் சமசமாஜக் கட்சி என். எம். பெரேரா கொழும்பு மேயர். எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அந்தப் பெயரைச் சொல்லாமல் அவருக்கு ஒரு கதையும் தொடங்காது. யானையின் கோட்டை உடைந்தது என்று மாமா சொல்லட்டும், அது நியாயம். முதல் இடதுசாரி என்று சொல்ல முடியாது.

நல்லூர்த் தம்பி சொன்ன டிசம்பர்தான் எனக்கும் யோசனை. வரவு செலவுக்கு வழமையாக ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார்கள். ஜூனில் பெட்டிக்குள் ஒளிந்த 13 பேரும் அன்றைக்கு வாய் திறந்து சொல்ல வேண்டி வரும். அந்தப் பக்கம் ஹயர் கிடைத்தால் இந்த முறை நானே முக்கால் மணித்தியாலம் நிற்பேன், வெய்ட்டிங் சார்ஜ் கேட்க மாட்டேன்.

விளக்கு வந்ததா என்று எழுதுங்கள், தங்கச்சி.