கடன்பட்ட காலத்தைத் தாண்டிய குப்பத்துக்கு ஒரு மணற்சிற்பம்: எப்படிச் செய்வது?

கேள்வி: ஏரிக்கரைப் பெண், பழவேற்காடு

அனைவருக்கும் வணக்கம். ஆந்திர எல்லையை ஒட்டிய பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே உள்ள குப்பங்களுள் ஒன்று எங்கள் ஊர். முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபட்டால், கடல்நீர் ஏரிக்குள் ஏறாது. இறால் குஞ்சும் வராது. படகும் வெளியே போகாது. அத்தகைய பருவங்களும், 2020 ஊரடங்கும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததில், எங்கள் தெருவில் நகை அடகு வைக்காத வீடே இல்லை என்றாகிவிட்டது. என் தாயாரின் கம்மல் வலைக்காக அடகுக்குப் போய், மூன்று ஆண்டுகள் வட்டி தின்று, சென்ற மாதம்தான் வீடு திரும்பியது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார்.

இந்த ஆண்டு முகத்துவாரம் திறந்திருக்கிறது. வரவும் சற்றுப் பரவாயில்லை. எனவே எங்கள் மகளிர் குழுவும் ஊர் இளைஞர்களும் சேர்ந்து, உலக மீனவர் நாளான நவம்பர் 21 அன்று கடற்கரையில் ஒரு மணற்சிற்பம் அமைக்க எண்ணியுள்ளோம். உதிக்கும் சூரியனுக்கு முன்னால் சங்கிலியை அறுத்துக் கையை உயர்த்தி நிற்கும் ஒரு மீனவர், அவர் காலடியில் ‘மீண்டோம்’ என்ற சொல்: இதுவே இப்போதைய திட்டம். எங்களில் ஒருவருக்கும் முன் அனுபவம் இல்லை. சென்ற வாரம் முயன்று பார்த்த இரண்டடி உருவம் கழுத்து வரை வந்தபோதே இடிந்துவிட்டது. எந்த மணல், எவ்வளவு மணல், எத்தனை நாள் வேலை என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. நகையை இன்னும் மீட்காத வீடுகள் எங்கள் தெருவிலேயே பல இருக்கின்றன. அவர்கள் மனம் நோகாமல் இதை எப்படிச் செய்வது?

பதில்: ஆரம்பாக்கம் ஆசிரியர்

நல்ல முயற்சி. முதலில் தேதியை மாற்றுங்கள். நவம்பர் பிற்பகுதி நம் கரையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம். ஓர் இரவு மழையில் எல்லாம் கரைந்துவிடும். மாசி மகத்தன்று ஊரே கடலாட வரும். அப்போது பொதுவாக மழையும் இராது, வெயிலும் கடுமை ஏறியிராது. சூரியனையும் உயர்த்திய கையையும் விட்டுவிடுங்கள். இரண்டுமே தேர்தல் சின்னங்களாக இருப்பதால், எந்தக் கட்சிக்காகச் செய்தீர்கள் என்ற கேள்வியே முதலில் எழும். உங்கள் ஊரின் கதை காதில் ஏறாமல் போய்விடும்.

பதில்: மணல்வேலைக்காரன், சூளூர்ப்பேட்டை

சகோதரி, நான் ஒடிசாவின் பூரிக் கடற்கரையில் இரண்டு பருவம் மணல் சுமக்கும் உதவியாளாக இருந்து இந்த வேலையைக் கற்றவன். மணற்சிற்பி சுதர்சன் பட்நாயக் 2014-இல் பத்மஸ்ரீ பெற்றதிலிருந்து அந்தக் கடற்கரையைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு. ஆனால் அங்கே நான் செய்த வேலையில் முக்கால் பங்கு, மணலை அடித்து இறுக்குவதுதான். செதுக்குவது மீதிக் கால் பங்கு. உங்கள் உருவம் கழுத்தில் இடிந்ததற்கும் மணலை அடித்து இறுக்கியது போதாமையே காரணமாக இருக்கும்.

கடல் முகத்து மணல் அலையில் உருண்டு மழமழப்பாகி, நன்றாகக் கழுவப்பட்டும் இருப்பதால் ஒரு துகள் இன்னொரு துகளைக் கவ்வாது. ஏரிப்பக்கத்து மணலில் வண்டல் கலந்திருக்கும். அது நன்றாகப் பிடிக்கும். ஒரு கைப்பிடி ஈரமணலை உருண்டையாக்கி உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். உடையாமல் உருண்டால் அந்த மணல் ஆகும்.

ஈரமணல் நிற்பதற்குக் காரணம், இரண்டு மணல் துகள்களுக்கு இடையே தங்கும் மெல்லிய நீர்ப்பாலம் அவற்றை இழுத்துப் பிடித்திருப்பதுதான். நீர் வற்றினால் அந்தப் பாலம் அறுந்துவிடும். நீர் மிகுந்தால் பாலங்கள் எல்லாம் கலந்து மணல் குழம்பாகிவிடும். ஆகவே தாராளமாக நீர் விட்டு இடித்து, மிகுதி நீர் அடியில் வடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். அடியும் மூடியும் இல்லாத பலகைப் பெட்டிகள் மூன்று செய்துகொள்ளுங்கள். கீழ்ப்பெட்டி 10 அடி நீளம், 8 அடி அகலம், 2 அடி உயரம். அதன்மேல் 6-க்கு 4 அடியில் 2 அடி உயரம். உச்சியில் 3-க்கு 3 அடியில் ஓர் அடி உயரம். மொத்தம் இரண்டு யூனிட்டுக்குச் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) சற்று மேல் மணல் ஆகும். ஈரத்தோடு பத்து டன்னைத் தாண்டும். அரையடிக்கு ஒரு முறை நீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடியுங்கள். முதலில் ‘தொப்’ என்று கேட்கும் ஓசை, இறுகியபின் கல்லைத் தட்டினாற்போல் ‘டக்’ என்று மாறும். அந்த ஓசை வரும்வரை அடுத்த அடுக்கைப் போடாதீர்கள்.

செதுக்குவது எப்போதும் மேலிருந்து கீழே. உச்சிப் பெட்டியை மட்டும் கழற்றி அந்தப் பகுதியை முடித்தபின் அடுத்ததைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் மேலிருந்து விழும் மணல் கீழே முடித்த வேலையைக் கெடுத்துவிடும். கரணை, கரண்டி, தென்னை ஈர்க்கு, பெயின்ட் பிரஷ் போதும். உதிர்ந்த துகள்களை ஸ்ட்ரா வைத்து ஊதிவிடலாம். வெயிலில் மேற்பரப்பு உதிராமல் இருக்க, கைத்தெளிப்பானால் அவ்வப்போது நீர்த்தூவல் கொடுங்கள். பத்துப் பேர் இருந்தால் இரண்டு நாள் இடிப்பு, இரண்டு நாள் செதுக்கல் என்று கணக்கிடலாம். மணல் எடுத்த பள்ளத்தில் குழந்தைகளை இறங்கவிடாதீர்கள். ஓரம் சரிந்தால் உயிருக்கே ஆபத்து.

கையை உயர்த்திய உருவம் மணலில் நிற்காது. மணல் தன் பாரத்தைக் கீழே இறக்கிவைக்கவே விரும்பும். காற்றில் நீட்டிய எதையும் அது தாங்காது.

பதில்: கோட்டைக்குப்பத்துப் பெரியவர்

மகளே, ‘மீண்டோம்’ என்ற சொல்லை எழுத வேண்டா. மீளாத வீட்டுக்காரர் அதைக் கடந்து நடக்கும்போது என்ன நினைப்பார் என்று நீயே கேட்டிருக்கிறாய். உன் தாயார் கம்மலைப் பானைக்குள் வைத்தாரே, அதில் உள்ள உண்மை அந்தச் சொல்லில் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் நம்பவில்லை. ஆனாலும் மறுநாள் எழுந்து வேலைக்குப் போயிருப்பார்.

நம் ஏரியில் எந்தத் தலைக்கட்டு, அதாவது குடும்பம், எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதைப் பாடு என்கிறோம். படுகிற துன்பத்துக்கும் பாடு என்றுதான் பெயர். முகத்துவாரம் அடைபட்ட ஆண்டுகளில் ஊரார் மண்வெட்டியும் கூடையுமாகப் போய், இடுப்பளவு நீரில் வரிசையாக நின்று மணலை அள்ளிக் கைமாற்றியதில் நானும் நின்றிருக்கிறேன். நம் பிழைப்பை அடைத்த மணலும் நீங்கள் சிற்பம் செய்யப்போகும் மணலும் ஒன்றுதான். ஆகவே வென்று நிற்பவரைச் செய்யாமல், வேலை செய்துகொண்டிருப்பவரைச் செய்யுங்கள்.

என் கண்ணில் நிற்பவர்கள், ஏரியில் கையால் இறால் தடவும் இருளர் பெண்கள். அவர்களுக்குப் பாடும் கிடையாது, படகும் கிடையாது. பிடித்த இறாலைப் போடும் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் நீருக்குள் விட்டு, சேற்றைத் தடவியபடியே நகர்வார்கள். ஊரடங்கில் லாரி வராத நாட்களிலும் அவர்கள் நிறுத்தவில்லை. பல வீடுகளில் அந்த இறால்தான் அன்றைய குழம்பு. நடுவில் அப்படி ஒரு பெண்ணை வைக்கலாம். ஆனால் அவர்களிடம் போய்க் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் செய்யுங்கள். அவர்கள் பட்டதை நாம் எடுத்து நம் பெயரில் காட்சிக்கு வைப்பது முறையன்று.

பதில்: ஆமைநடைத் தன்னார்வலர்

மாசி மாதம் நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம். இரவில் விளக்கு வைத்துக் காட்சி நடத்தாதீர்கள். வெளிச்சம் ஆமைகளைத் திசை மாற்றும். முடிந்த மறுநாளே மேட்டைக் கலைத்து, பள்ளத்தை மூடி, கரையைச் சமன் செய்துவிடுங்கள். மேற்பரப்பு உதிராதிருக்கச் சிலர் தச்சுப் பசையைக் கரைத்துத் தெளிப்பதுண்டு. அதை இங்கே தவிர்த்து, மேலே ஒருவர் சொன்னதுபோல வெறும் நீரே தெளியுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்னபடி போய்க் கேட்டோம். இரண்டு பெண்கள் சம்மதித்தார்கள். முகம் மட்டும் அவர்களில் யாருடையதாகவும் இருக்கக் கூடாது என்றார்கள். ஒருவர் பறியைக் கடித்துக் காட்டினார். விளிம்பு கடைவாய்ப் பல்லில் இருப்பதால் ஒரு பக்கக் கன்னம் மட்டும் புடைத்து, மறுபக்கம் குழிந்திருந்தது. செதுக்கும்போது அதைத் தவறவிடக் கூடாது என்று அலைபேசியில் பறியையும் தாடையையும் மட்டும் படம் எடுத்துக்கொண்டேன். எழுத்து எதுவும் வைக்கப் போவதில்லை. ஒரே ஐயம்: வாயிலிருந்து தொங்கும் பறி இடிந்துவிடாதா?

பதில்: மணல்வேலைக்காரன், சூளூர்ப்பேட்டை

இடியாது, சகோதரி. கீழ்ப்பெட்டியின் மேற்பரப்பையே நீர்மட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதிலிருந்து மார்பளவு எழுந்திருக்க, கைகள் முழங்கைக்குக் கீழே மறைந்துவிடும். தனியே நிற்க வேண்டிய கையோ காலோ இராது. பறியை நீரில் மிதப்பதுபோல அந்தப் பரப்பின்மீது உட்காரவைத்து, அதன் விளிம்புக்கும் முகவாய்க்கும் இடையே ஒரு கைப்பிடி தடிமனில் மணலைச் செதுக்காமல் விட்டுவிடுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நிழலாகவே தெரியும். மாசி மகத்துக்கு நான்கு நாள் முன்பு காலையில் இரண்டு திமிசுக் கட்டைகளோடு வந்து சேர்கிறேன். பலகைகளை மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.