வெப் டெவலப்மென்ட் படிக்கிறவர்களுக்கு யூஎக்ஸ் பேப்பர் எதற்கு?

பேட்டைக்காரன்:
பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம், திருநெல்வேலியில்தான் படிக்கிறேன். இந்த செமஸ்டரில் யூஎக்ஸ் டிசைன், அதாவது பயன்படுத்துபவருக்கு எளிதாக இருக்கும்படி தளத்தை வடிவமைப்பது, என்று ஒரு பேப்பர் வந்திருக்கிறது, வாரம் நான்கு மணி நேரம். இதுவரை நடந்தது கலர் சக்கரம், ஃபிக்மா என்ற வரையும் செயலியில் ஒரு லாகின் பக்கம், அப்புறம் பெர்சோனா என்று இல்லாத ஓர் ஆளைக் கற்பனை செய்து அவருக்கு வயது, சம்பளம், பொழுதுபோக்கு எல்லாம் எழுதி சார்ட் ஒட்டியது. ஜாவாஸ்கிரிப்டில் பக்கம் கட்ட உதவும் ரியாக்ட் பாதிகூடத் தாண்டவில்லை, இன்னும் இரண்டு மாதத்தில் கேம்பஸ் இன்டர்வியூ. அந்த நான்கு மணி நேரத்தையும் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொடுக்கலாமே என்று கேட்டேன், வகுப்பில் பாதிப் பேர் என் பக்கம். வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், இது தேவையா?

குறுக்குத்துறை:
தம்பி, நீ கேட்டது சரிதான். வண்ணார்பேட்டையில் ஏழு பேர் கொண்ட சின்ன அலுவலகம் எங்களுடையது, ஆள் எடுப்பது நான்தான். இன்டர்வியூவில் ஜாவாஸ்கிரிப்டில் க்ளோஷர் கேட்பேன், சர்வரிலிருந்து தரவு வாங்க ஏபிஐ கூப்பிடச் சொல்வேன், கிட்டில் இரண்டு பேர் ஒரே வரியை மாற்றி கான்ஃப்ளிக்ட் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்பேன். யூஎக்ஸ் தெரியுமா என்று இதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை. பெரிய கம்பெனியில் அதற்குத் தனி ஆள் உண்டு, எங்களைப் போன்ற இடத்தில் வாடிக்கையாளரே ஒரு தளத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்று சொல்லிவிடுவார். நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் கடன் வாங்கிப் படிக்கிறவர்கள், முதலில் சம்பளம் வரட்டும், மற்றதை வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம்.

கோரைப்பாய்:
அண்ணாச்சி, நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தமடைப் பாய் விற்கும் ஒரு குடும்பத்துக்கு ஆர்டர் தளம் செய்து கொடுத்தேன். புரோகிராம் கோடு சுத்தமாக இருந்தது, வேகமாகவும் திறந்தது, ஆனால் ஆர்டர் மட்டும் வரவில்லை. எல்லாரும் போனில் கூப்பிட்டு, பாய் இருக்கா என்றுதான் கேட்டார்கள். என்ன கோளாறு என்று பார்க்க நேரில் போய், அந்த வீட்டு அத்தையிடம் போனைக் கொடுத்து, நீங்களே ஒரு ஆர்டர் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முதல் பெட்டி பெயர், இரண்டாவது கடைசிப் பெயர், இரண்டும் கட்டாயம். நம்மில் எத்தனை பேருக்குக் கடைசிப் பெயர் இருக்கிறது? அத்தை இனிஷியலைப் போட்டார்கள். குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்று சிவப்பில் வந்தது. எங்கேயோ எடுத்த டெம்ப்ளேட்டில் இருந்த விதியை நான் யோசிக்காமல் அப்படியே வைத்திருந்தேன். சரி என்று அப்பா பெயரை முழுசாக அடித்துத் தாண்டினார்கள். போன் நம்பர் பெட்டியைத் தொட்டால் எழுத்துக் கீபோர்டு வருகிறது. ஐந்து எண் அடித்து ஓர் இடைவெளி விட்டு மீதி ஐந்தை அடித்தார்கள், நாம் எல்லாரும் எழுதுகிற மாதிரிதான், அதற்கும் தவறான எண் என்று வந்தது. திருத்தி அனுப்பினால் பக்கம் மறுபடி ஏறி, அடித்த முகவரி மொத்தமும் காணாமல் போனது. அத்தை போனை என்னிடம் நீட்டி, "எனக்குத்தான் ஒண்ணும் தெரியல தாயி" என்றார்கள். தப்பு செய்தது நான், கூச்சப்பட்டது அவர்கள். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பெயருக்கு ஒரே பெட்டி, எண் கீபோர்டு, இடைவெளியை நாமே நீக்கிக்கொள்வது, அடித்தது அழியாமல் வைப்பது, எல்லாமே அரை நாள் வேலை. ஆனால் அந்தத் திண்ணையில் உட்காராமல் இருந்திருந்தால் எனக்கு ஒன்றுகூடத் தெரிந்திருக்காது.

குறுக்குத்துறை:
தாயி, மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன நான்குமே கோடு. ஃபார்ம் எழுதச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பிலேயே இதையும் சொல்லிவிடலாம், தனி பேப்பர், தனி தேர்வு, ஃபிக்மா எல்லாம் எதற்கு?

பாளை வாசி:
அங்கேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் அண்ணாச்சி, ஆனாலும் நிற்பதில்லை. பெட்டியில் என்ன நிரப்ப வேண்டும் என்று சொல்கிற லேபிள் டேக் பற்றித் தேர்வில் எழுதி மார்க் வாங்கியவன்தான் பிராஜெக்டில் லேபிளே போடாமல், பெட்டிக்குள் வெளிர் சாம்பலில், அடிக்கத் தொடங்கியதும் மறைகிற ப்ளேஸ்ஹோல்டர் மட்டும் வைக்கிறான். ஏன் வேண்டும் என்பதை அவன் கண்ணால் பார்த்ததில்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது, அந்த ஊரில் படிக்கிற நம் மாணவர்களில் எத்தனை பேர் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரை ஒரு தடவையாவது போட்டுக் கேட்டிருக்கிறார்கள்? என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம்தான், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006இல் தொடங்கியது. அதைப் போட்டுவிட்டு மானிட்டரை அணைத்து, சொந்த பிராஜெக்டில் ஒரு ஃபார்ம் நிரப்பச் சொல்லுங்கள், பத்து நிமிடம் போதும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று வெப் அணுகல் விதிகள் சொல்கின்றன, வெள்ளையில் வெளிர் சாம்பல் அதில் தேறாது. வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று போன் பார்க்கிற கண் நல்ல ஆளுக்கும் அது தெரியாது.

தமிழ் வேறு இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' போட்டால் வெளியே பிதுங்குகிறது, வரி உயரம் குறைவாக இருந்தால் மேலே இருக்கும் புள்ளியும், கி, மீ போன்ற எழுத்துகளின் வளைவும் வெட்டுப்படுகின்றன. 'அனுப்பு' என்று போட்டாலே போதும், ஆனால் அதை யோசிப்பது யார் வேலை?

குறுக்குத்துறை:
இந்தப் பட்டன் விஷயம் எங்கள் அலுவலகத்திலேயே நடந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி எழுதியிருப்பதைப் பாருங்கள், அவனுக்கு வகுப்பில் இதில் எதுவும் கிடைக்கவில்லை. இல்லாத ஆளுக்குப் பொழுதுபோக்கு எழுதுகிற வகுப்பென்றால், அந்த நேரத்தில் ஜாவாஸ்கிரிப்ட் படி என்றுதான் இப்போதும் சொல்வேன்.

கோரைப்பாய்:
அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. இதை ஓவிய வகுப்பாக்கியதுதான் தப்பு. 'பயனர் அனுபவம்' என்ற பெயரைப் பரப்பிய டான் நார்மன் ஓவியர் இல்லை, மின்பொறியியல் படித்துவிட்டு உளவியலுக்குப் போனவர், 1993இல் ஆப்பிளில் சேர்ந்தபோது அந்தச் சொல்லைத் தன் பதவிப் பெயரிலேயே வைத்துக்கொண்டார். அவரோடு பிறகு சேர்ந்து நிறுவனம் தொடங்கிய ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று 2000இல் எழுதினார். அந்தக் கணக்கை மறுத்தவர்களும் உண்டு, ஆனால் ஒருவரைக்கூடப் பார்க்காமல் இருப்பதற்கு ஐந்து எவ்வளவோ மேல். பேட்டைத் தம்பி, உன் பிராஜெக்டை மூன்று பேரிடம் கொடுத்துப் பார். நடுவில் வாயைத் திறக்காதே, அதுதான் கஷ்டம்.

பேட்டைக்காரன்:
அக்கா, நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். என் பிராஜெக்ட் பஸ் நேரம் பார்க்கிற பக்கம். வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரிடம் கேட்டுக் கொடுத்தேன். மூன்று பேருமே ஊர்ப் பெயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், அது வெறும் எழுத்து, பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறிதான் லிங்க். முக்கூடல் போக வேண்டிய ஒரு பெரியம்மா டிராப்டவுனில் தள்ளிக்கொண்டே போனார்கள், ஊர்கள் ஆங்கில அகர வரிசையில் இருக்கின்றன, எம் வருவதற்குள் விட்டுவிட்டு கண்டக்டரிடம் கேட்கப் போய்விட்டார்கள். சொல்லிவிடலாம் என்று எனக்கு வாய் துடித்தது. சார்ட்டுக்குப் பதில் இதை அசைன்மென்ட்டாக ஏற்றுக்கொள்வீர்களா என்று மேடத்திடம் கேட்டிருக்கிறேன். ரியாக்டுக்கு நேரம் போதவில்லை என்பது இன்னும் உண்மைதான், அதை நான் விடவில்லை.

குறுக்குத்துறை:
அந்த டிராப்டவுனை எடுத்துவிட்டு, அடித்துத் தேடுகிற பெட்டி வை. தமிழில் முக் என்று அடித்தாலும் ஆங்கிலத்தில் அடித்தாலும் முக்கூடல் வரணும், எழுத்துக்கூட்டல் கொஞ்சம் பிசகினாலும் வரணும். ரியாக்டில் அதை எழுதினாலே உனக்குப் பாதி இன்டர்வியூ தயாராகிவிடும். எழுதிய புரோகிராமை அனுப்பு தம்பி, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.