வாயில்லா ஜீவனுக்கும் மனசு உண்டு என்று உங்களுக்கு எப்போது பட்டது?

நானே தொடங்குகிறேன். நான் எட்டாவது படித்தபோது எங்கள் வீட்டு மயிலைப் பசு இரண்டாம் ஈற்றுக் கன்றைப் போட்டது. ஒன்பதாம் நாள் அந்தக் கன்று கழிச்சல் கண்டு செத்துப்போனது. கறவை நின்றால் வீட்டுச் செலவுக்கு வழியில்லை. தாத்தா கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, வைக்கோல் திணித்துத் தைத்தார். அதைத் தோல்கன்று என்பார்கள். தலை கிடையாது, காலுக்குக் குச்சி. கறக்கிற நேரத்தில் அதைத் தூக்கிவந்து பசுவின் முன்னால் பிடித்துக்கொள்வது என் வேலை.

முதல் நாள் கயிறு அறுந்துபோகிற மாதிரி இழுத்துக்கொண்டு வந்து நக்கியது. நக்க நக்க மடி இறங்கியது, தாத்தா கறந்துவிட்டார். நாலைந்து நாள் இப்படியே போனது. அப்புறம் ஒரு காலையில் நக்குவதை நிறுத்திவிட்டு, தையல்மேல் மூக்கை வைத்து நெடுநேரம் மோந்தது. தையல் வழியாக ஒரு வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பல்லால் பிடித்து இழுத்தது, ஆனால் தின்னவில்லை. வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்தது. நானும் அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு மறுபடி நக்கியது. பாலும் விட்டது.

ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்தால் மடி இறங்கும், அதற்குக் கன்றின் வாசமே போதும், மாடு மிரண்டால் பாலை அடக்கிக்கொள்ளும் என்று பின்னாளில் ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார். பால் எப்படி வந்தது என்பது அதில் புரிகிறது. அது என்னை ஏன் அப்படிப் பார்த்தது என்பது புரியவில்லை. ‘ஏமாந்த மாடு’ என்று ஊரில் சொல்வார்கள். எனக்கென்னவோ அது தெரிந்தேதான் நக்கியது.

தொல்காப்பிய மரபியல் ஆறாவது அறிவாக மனத்தைச் சொல்கிறது. அது மனிதருக்கு மட்டும்தான் என்று பள்ளியில் படித்தோம். அதே மரபியலில் ‘ஒருசார் விலங்கும் உளவென மொழிப’ என்றும் வருகிறது. சில விலங்குகளுக்கும் அது உண்டாம். அதைப் படித்த அன்று எனக்கு எங்கள் மயிலைதான் நினைவுக்கு வந்தது.

மறுமொழி, சென்னையிலிருந்து:

அக்கா, என்னுடையது காக்கைக் கதை. எங்கள் வேப்பமரத்திலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மதில்மேல் வைத்தேன். நல்லதுக்குத்தான் செய்தேன், ஆனால் தாய்க்காக்கைக்கு அது தெரியாதே. அடுத்த ஒரு மாதம் தெருவில் எத்தனை பேர் போனாலும் விட்டுவிட்டு என் தலையில் மட்டும் கொத்தியது. சட்டை மாற்றிப் பார்த்தேன், குடை பிடித்துப் பார்த்தேன், விடவில்லை. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஜான் மார்ஸ்லஃப் 2006-ல் ஒரு முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காகங்களைப் பிடித்து வளையம் மாட்டி விட்டார். அப்புறம் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. எங்கள் தெருவிலும் கடைசியில் மூன்று காக்கைகள் என்னைத் துரத்தின.

மறுமொழி, ஈரோட்டிலிருந்து:

என் அனுபவம் வேறு அக்கா, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலும் தோல்கன்று வைத்திருந்தோம். தையல் பிரிந்ததும் எங்கள் மாடு உள்ளே இருந்த வைக்கோலை நிதானமாகத் தின்றுவிட்டது. அதைப் பார்த்து அம்மா அழுதார். இதை வைத்து மாட்டுக்கு மனசில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாட்டுக்கு மாடு வேறுபடும் போல.

மறுமொழி, கோவையிலிருந்து:

கார்டன் கேலப் என்ற உளவியலாளர், கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று விலங்குக்குத் தெரியுமா என்று பார்க்க, 1970-ல் சிம்பன்சிகளுக்குக் கண்ணாடி காட்டிச் சோதித்தார். முகத்தில் வைத்த சாயத்தைக் கண்ணாடியில் பார்த்து அவை தொட்டன. நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக்காட்சிசாலையில் ஹேப்பி என்ற யானையும் தன் நெற்றியில் போட்ட வெள்ளைக் குறியைத் தும்பிக்கையால் திரும்பத் திரும்பத் தொட்டது. 2006-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. நாய்கள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. எங்கள் நாயும் கண்ணாடியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டது. ஆனால் வாசலில் நேற்று அது மூத்திரம் பெய்த இடத்தை லேசாக மோந்துவிட்டு நகரும். வேறு நாய் வந்துபோயிருந்தால் அங்கேயே ஐந்து நிமிடம் நிற்கும். தன் வாடை எது என்று அதற்குத் தெரிகிறது. மூக்கால் வாழ்கிற பிராணியைக் கண்ணாடி முன் நிறுத்திவிட்டுத் தன்னறிவு இல்லை என்பது சரியே இல்லை. அது சரி அக்கா, அந்தத் தோல்கன்றை அப்புறம் என்ன செய்தீர்கள்?

தொடங்கியவரின் மறுமொழி:

ஈரோட்டுத் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். எங்கள் மயிலையும் இன்னொரு நாள் தின்றிருக்குமோ என்னவோ. தாத்தா அன்றே தையலை இறுக்கிப் போட்டுவிட்டார்.

கறவை வற்றியதும் தோல்கன்றைத் தென்னை மூட்டில் புதைத்தார். அது வரைக்கும் அதைத் தொழுவத்துச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தோம். புதைத்த அன்று மாலை மேய்ச்சலிலிருந்து வந்த பசு கட்டுத்தறிக்கு வராமல் நேரே அந்த ஆணிக்குக் கீழே போய் நின்று சுவரை மோந்தது. அடுத்த இரண்டு நாளும் அப்படியே செய்தது. நாலாம் நாள் கட்டுத்தறிக்கு வந்துவிட்டது.