டி.எல்-103: கூடு மாற்றியதை வாங்குவதா, முனை மாற்றியதை வாங்குவதா?

சுழல்தட்டு:

நண்பர்களே, வணக்கம். நான்கு வருடமாக டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 எம்.கே.2 சுழல்தட்டில் டெனான் டி.எல்-103 கார்ட்ரிட்ஜ் (இசைத்தட்டின் பள்ளத்தைப் படித்து மின் சைகையாக்கும், ஊசி பொருத்திய சிறு பெட்டி) போட்டுக் கேட்டு வருகிறேன். எந்த மாற்றமும் செய்யாத சாதாரண 103. அதிலிருந்து சைகையைப் பத்து மடங்கு உயர்த்தும் 1:10 ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து எம்.எம். (காந்தம் அசையும் வகைக்கான) ஃபோனோ ஆம்ப். குரலுக்கு இதை மிஞ்ச நான் வேறு கேட்டதில்லை, பாடுகிறவர் அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பதுகூட அவ்வளவு பக்கத்தில் கேட்கும். அதனால் 103-ஐ விட்டுப் போக மனமே இல்லை.

ஊசி தேய்ந்து மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், மாற்றியமைத்த 103 ஒன்றாகவே வாங்கிவிடலாம் என்று தேடினால் மூன்றில் வந்து நிற்கிறேன். ஒன்று, பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றிவிட்டு அலுமினியக் கூட்டில் எபாக்சி ஊற்றி இறுக்கியது, ஊசி பழைய ஊசிதான். இரண்டாவது, 103-ன் இன்னொரு வகையான 103ஆர், மரக்கூட்டுக்கு மாற்றியது. மூன்றாவது, கூடு அதே பிளாஸ்டிக், ஆனால் ரூபி கேண்டிலீவரும் (முனையைத் தாங்கும் மெல்லிய தண்டு) ஓரம் நீண்டு மெலிந்த லைன் கான்டாக்ட் முனையும் போட்டு ரீடிப் செய்தது, அதாவது முனை மாற்றியது. மூன்றும் ஏறக்குறைய ஒரே செலவு.

ஒரே ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு வரும்போது ஸ, ஷ வரும் இடமெல்லாம் பிசிறடிக்கிறது. முதல் பாட்டில் இது கிடையாது. ஊசி புதிதாக இருந்தபோதும் கொஞ்சம் இருந்தது. எதை எடுக்கலாம்?

ஊசிமுனை:

உங்கள் கேள்விக்குப் பதில் அந்தக் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது. அலுமினியமா மரமா என்பதை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்தப் பிசிறு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்கு சுமார் 51 செ.மீ. ஓடும், உள்ளே லேபிளுக்குப் பக்கத்தில் வந்தால் அது 21 செ.மீ. ஆகிவிடும். அதாவது அதே 10,000 ஹெர்ட்ஸ் ஒலி, வெளியே 51 மைக்ரான் நீளத்தில் எழுதியிருந்தது, உள்ளே 21 மைக்ரானில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். உங்கள் 103-ன் முனை உருண்டை, அதன் ஆரம் சுமார் 16.5 மைக்ரான். அந்த நெருக்கமான வளைவுக்குள் அது எப்படி இறங்கும்? இறங்காது, மேலாகவே உரசிக்கொண்டு போகும். தட்டை வெட்டிய ஊசி உளி மாதிரி கூர்மையானது, அதை உருண்டையை வைத்துப் படிக்கிறோம். பிசிறு பிறக்கும் இடம் அதுதான்.

லைன் கான்டாக்ட் முனையில் பள்ளச்சுவரைத் தொடும் ஓரத்தின் ஆரம் 5 முதல் 8 மைக்ரானுக்குள் இருக்கும். உள்ளே போய்ப் படிக்கும். அதனால் உங்கள் மூன்றில், நீங்கள் சொன்ன குறைக்கு மருந்து மூன்றாவது மட்டும்தான். 103ஆர் மரக்கூட்டில் வந்தாலும் முனை அதே உருண்டைதான். சுருளின் மின்தடை 40 ஓமிலிருந்து 14 ஓமுக்கு இறங்கும், வெளியீடு 0.3 மில்லிவோல்ட்டிலிருந்து 0.25 ஆகும், அவ்வளவே. ஓசை கொஞ்சம் நயமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கடைசிப் பாட்டு கடைசிப் பாட்டாகவேதான் இருக்கும்.

இன்னொன்று. வாங்குவதற்கு முன் இப்போதுள்ள 103 நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் கூடு முன்பக்கம் குறுகி வரும், பக்கச் சுவர்கள் இணையாக இருக்காது. கூட்டின் ஓரத்தைப் புரோட்ராக்டர் (கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்கும் கோடிட்ட அட்டை) கோட்டோடு பொருத்தினால் கோணல்தான் மிஞ்சும். குனிந்து, வெளிச்சம் வைத்து, கேண்டிலீவரையே கோட்டோடு பொருத்த வேண்டும்.

மரக்கூடு:

ஊசிமுனை சொல்வதில் தப்பில்லை, ஆனால் கூட்டை இவ்வளவு சுலபமாக ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 103-ன் பிளாஸ்டிக் கூட்டை நகத்தால் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் இருக்கிற சத்தம் வரும். ஊசி அசையும்போது அந்த அசைவு சுருளுக்கு மட்டும் போவதில்லை, கூட்டுக்கும் போகிறது, கூடு அதிர்ந்து அதைத் திரும்பக் கொடுக்கிறது. கடம்பும் மூங்கிலும் அலுமினியமும் வைத்து மூன்று கூடு நானே செய்து பார்த்தேன். கூடு மாறியதும் முதலில் தெரிவது மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம்தான். முன்பு "தொம்" என்று பரவியது இப்போது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். பாட்டுக்குப் பாட்டு நடுவில் வரும் இரைச்சலும் கொஞ்சம் அடங்கியது போல இருக்கும்.

எடையையும் கணக்குப் பார்க்க வேண்டும். 103-ன் கம்ப்ளையன்ஸ், அதாவது ஊசி எவ்வளவு இளகி அசையும் என்ற அளவு, 100 ஹெர்ட்ஸில் 5 என்று டெனான் சொல்கிறது, 10 ஹெர்ட்ஸில் அதைச் சுமார் 10 என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் 1200-ன் கை (டோன்ஆர்ம்) 12 கிராம், கார்ட்ரிட்ஜ் 8.5, திருகுகள் ஒரு கிராம், ஆக 21.5. இதைப் பத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுத்தால் கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தானாக அதிரும் இடம் 10.8 ஹெர்ட்ஸ் என்று வரும். 8-க்கும் 12-க்கும் நடுவில் இருந்தால் போதும், நீங்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறீர்கள். அலுமினியக் கூட்டோடு எடை 14 கிராம் என்றால் 9.7-க்கு இறங்கும், அதுவும் நல்ல இடம். ஆனால் பின்னால் கூடுதல் எடை மாட்டாமல் கை சமநிலைக்கு வராது, அதை மறக்க வேண்டாம்.

கூட்டை நீங்களே கழற்றும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. சுருளிலிருந்து பின்பக்க முள்ளுக்குப் போகும் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. என் இரண்டாவது 103-ல் கூட்டை இழுத்தபோது கத்தி நுனி அந்தக் கம்பிமேல் பட்டதுகூட எனக்குத் தெரியவில்லை. திரும்பப் பூட்டி, தட்டை வைத்து, ஊசியை இறக்கியபோது இடப்பக்கம் செத்துப் போயிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் செம்பு நிறத்தில் ஒரு துணுக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்ட வழியில்லை.

47கே:

நான் கொஞ்சம் வேறு பக்கம் இழுக்கிறேன், மன்னிக்கவும். பிசிறுதான் பிரச்சினை என்றால் எம்.சி.யிலேயே (103 போல சுருள் அசையும் வகை) நின்று மாற்றியமைத்ததைத் தேட வேண்டுமா? ஆடியோ-டெக்னிகா வி.எம்.95 வரிசையில் உடம்பு ஒன்றுதான், ஊசி மட்டும் கழற்றி மாட்டலாம். கோனிக்கல், எலிப்டிகல், மைக்ரோலைன், ஷிபாடா என்று எந்த முனை வடிவமும் அதே உடம்பில் ஏறும். மைக்ரோலைன் ஊசியை மாட்டினால் கடைசிப் பாட்டும் முதல் பாட்டு மாதிரிதான் ஒலிக்கும். ஊசியின் ஆயுளுக்கு அந்த நிறுவனமே சொல்லும் கணக்கு கோனிக்கல் 500 மணி நேரம், எலிப்டிகல் 300, ஷிபாடா 800, மைக்ரோலைன் 1000. தேய்ந்தால் கையாலேயே இழுத்து மாற்றிக்கொள்ளலாம், யாருக்கும் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி நேராக ஃபோனோ ஆம்புக்குப் போக வேண்டும். கேபிளும் ஆம்பும் சேர்ந்து கெபாசிட்டன்ஸ் 100 முதல் 200 பிகோஃபாரடுக்குள் இருக்க வேண்டும், ஏறினால் உச்சஸ்தாயி கூசும்.

103-க்கு இருக்கிற அந்தக் குரல் சதைப்பிடிப்பு இதில் வராது, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இரண்டும் இருக்கின்றன, தனித்தனி ஹெட்ஷெல்லில் (கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைப் பூட்டும் பகுதி). இரவில் ஒரு குரலை மட்டும் உட்கார்ந்து கேட்க 103, மற்ற நேரத்துக்கு இது.

சுழல்தட்டு:

எல்லோருக்கும் நன்றி. ஊசிமுனை அண்ணா சொன்னதை நேற்று செய்து பார்த்தேன். டெக்னிக்ஸோடு வந்த அளவுகோலை வைத்து முனைக்கும் ஹெட்ஷெல் ரப்பர் வளையத்துக்கும் 52 மி.மீ. சரியாக வைத்திருந்தேன், அதனால் எல்லாம் சரி என்று இருந்துவிட்டேன். தூரம் சரிதான், கோணம் சரியில்லை. கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் கூடு கோட்டோடு நேராக இருக்கிறது, கேண்டிலீவர் மட்டும் உள்பக்கமாகச் சாய்ந்து கோட்டை வெட்டிக்கொண்டு போகிறது. நான்கு வருடமாக அப்படித்தான் ஓடியிருக்கிறது! திருகைத் தளர்த்தி மயிரிழை அளவு திருப்பியதும் இரண்டும் ஒன்றாயின.

பிசிறு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் போகவில்லை. பெண் குரல், மேல்ஸ்தாயி, பக்கத்தின் கடைசி இரண்டு நிமிடம், அங்கே இன்னும் இருக்கிறது.

47கே சொன்ன யோசனை நல்லதுதான், ஆனால் எனக்குக் குரல் சதைப்பிடிப்புதான் வேண்டும். அதனால் ரீடிப் பக்கம் மனம் சாய்கிறது. ரூபி போட்டால் அந்த 103 தன்மை போய்விடுமா? இது ஒன்றுதான் பயம்.

ஊசிமுனை:

தம்பி, கோணலைக் கண்டுபிடித்ததே பெரிய லாபம். லைன் கான்டாக்ட் முனையை அந்தக் கோணலில் போட்டிருந்தால் உருண்டையைவிட மோசமாகக் கேட்டிருக்கும். உருண்டை முனை கோணலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். நீள ஓரம் உள்ள முனை அப்படி இல்லை, பள்ளத்துக்குக் குறுக்கே நேராக நின்றால்தான் அதன் பலன்.

தன்மை போகுமா என்ற கேள்விக்கு: கொஞ்சம் மாறும். 103-ஐ 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் என்.எச்.கே. ஒலிபரப்புக்காக உருவாக்கினார்கள், நாள் முழுவதும் கை மாறி மாறிப் பயன்படுத்தினாலும் தாங்க வேண்டும் என்று செய்தது. அந்தச் சுருளும் காந்தமும் அப்படியேதான் இருக்கப் போகின்றன, குரலின் கனம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. மாறப்போவது உச்சஸ்தாயி. அலுமினியத்தைவிட ரூபி விறைப்பானது, ஜால்ராவும் வயலின் வில்லும் முன்னே வரும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 1:10, ஆம்ப் 47,000 ஓம் என்றால் கார்ட்ரிட்ஜுக்கு வரும் மின்சுமை 470 ஓம், 40 ஓம் சுருளுக்குப் பத்து மடங்குக்கு மேல். அதில் கை வைக்கத் தேவையில்லை. பளபளப்பு அதிகமாகத் தெரிந்தால் 1200-ன் கை உயரத்தை அடியிலுள்ள வளையத்தால் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், அந்த முனை உயரத்துக்கு உடனே பதில் சொல்லும்.

ரீடிப் செய்பவரிடம் பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். டேம்பர் ரப்பரையும் (கேண்டிலீவரின் அசைவைத் தணிப்பது) மாற்றுகிறாரா, பழையதையே விடுகிறாரா? வேலை முடிந்தபின் ஊசி அழுத்தம் எவ்வளவு? பழைய 2.5 கிராமே இருக்க வேண்டும் என்றில்லை, கம்ப்ளையன்ஸ் மாறியிருந்தால் மேலே மரக்கூடு போட்ட கணக்கையும் திரும்பப் போட வேண்டும். மூன்றாவது, நுண்ணோக்கிப் படங்கள்: முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. அடியிலிருந்து எடுத்த படம்தான் முக்கியம்.

நான் ஒருமுறை படம் கேட்காமல் ஒருவரிடமிருந்து ரீடிப் செய்த 103 வாங்கினேன். எப்படிப் பொருத்தினாலும் வலப்பக்கம் பிசிறு. கடைசியில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் பசை முனையைவிடப் பெரிய துளியாக உறைந்திருந்தது, வைரம் கேண்டிலீவருக்கு நேராக இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் திரும்பியிருந்தது. அந்த வைரத்துக்காகக் கார்ட்ரிட்ஜையே ஹெட்ஷெல்லில் எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்துக் கேட்டேன், அப்போதுதான் பாட்டு பாட்டாக வந்தது.

மரக்கூடு:

ரீடிப்தான் என்று முடிவானால் நானும் ஒத்துக்கொள்கிறேன். கூட்டை இப்போது தொடாதீர்கள். ஒரு ஆறு மாதம் கேளுங்கள், அடித்தொனி இன்னும் பரவுவதாகப் பட்டால் அப்போது அலுமினியக் கூட்டுக்குப் போகலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று காது சொல்லாது. கூடு மாற்றும் வேலையையும் ரீடிப் செய்பவரிடமே விடுவது நல்லது.

சுழல்தட்டு:

சரி அண்ணா, மூன்றாவதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். விற்பவருக்கு இன்று காலை எழுதினேன். டேம்பர் புதிது, அழுத்தம் 2 கிராம் என்கிறார். முன், பக்கப் படங்கள் வந்துவிட்டன, பசை சின்னதாக, சுத்தமாக இருக்கிறது. அடியிலிருந்து எடுத்த படம் கேட்டிருக்கிறேன், அது வந்ததும் இங்கே போடுகிறேன், வைரம் நேராக இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் பணம் அனுப்புவேன்.