பச்சைத் தண்ணியா, 80 டிகிரியா? பழைய இன்ஜின் பிளாக் லீக் சோதனை

பழைய_பிஸ்டன்: வேற இழையில வார்ப்பு_வாத்தியார் எழுதினது: "பழைய பிளாக்கா? எல்லா ஓட்டையையும் அடைச்சு 30 பவுண்டு காத்து, பச்சைத் தண்ணி, 20 நிமிஷம். குமிழ் வரலைன்னா பிளாக் சுத்தம். சின்னக் கசிவுன்னா வாட்டர் கிளாஸ் (சோடியம் சிலிகேட் கரைசல்) ஊத்துங்க." இதுக்கு வரிசையா கைதட்டு வேற. வால்வு சீட்டுகளுக்கு நடுவுல ஓடுற மயிரிழை விரிசல் பச்சைத் தண்ணியில வாயே திறக்காது. தண்ணி 80 டிகிரி இருக்கணும். அந்தச் சூடு இல்லாத சோதனை சோதனையே இல்லை.

வார்ப்பு_வாத்தியார்: என்னை இழுக்காம உங்களுக்கு இழை ஆரம்பிக்க வராதா? முழு பிளாக்கும் ஒரே சீரா 80 டிகிரிக்குப் போனா எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்துல விரியும். விரிசலும் அதே விகிதத்துலதான் பெரிசாகும். மீட்டர் நீள வார்ப்பிரும்பு டிகிரிக்கு சுமார் 11 மைக்ரான் நீளும். அரை மில்லி விரிசலுக்கு அதைப் பெருக்கிப் பார்த்துட்டு வாங்க.

பழைய_பிஸ்டன்: "ஒரே சீரா." அந்த வார்த்தையிலதான் எல்லாம் கவுந்துது. சிலிண்டர் சுவர் ஒரு தடிமன், டெக் (ஹெட் உட்கார்ற மேல் தளம்) ஒரு தடிமன், போல்ட் பாஸ் (போல்ட் இறங்குற திண்டு) ஒரு தடிமன். சூடான தொட்டியில இறக்கினதும் மெல்லிசான இடம் முதல்ல விரியும், தடிச்ச இடம் இழுத்துப் பிடிக்கும். அந்த இழுபறியில சில விரிசல் வாய் திறக்கும். இன்னொண்ணு: 80 டிகிரியில தண்ணியோட பரப்பு இழுவிசை குறையும். பச்சைத் தண்ணியில வெளியேற முடியாத குமிழ் இதுல வெளியேறும்.

நட்டுபோல்ட்டு: ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. சோதனைக்கு முன்னாடி ஜாக்கெட்டை, அதாவது பிளாக்குக்குள்ள கூலிங் தண்ணி ஓடுற வழியை, சுத்தம் பண்ணியாச்சா? பல வருஷத்துத் துருவும் சுண்ணாம்புப் படிவமும் ஓட்டையைத் தானே அடைச்சு வச்சிருக்கும். இரும்புக்குக் காஸ்டிக் சோடா தொட்டி. அலுமினியத்தை அதுல போட்டா கரைஞ்சிடும், ஜாக்கிரதை. படிவத்தோட சோதிச்சா பச்சைத் தண்ணியும் பாஸ், 80 டிகிரியும் பாஸ்.

வார்ப்பு_வாத்தியார்: அலுமினியத்தைப் பத்திப் பேசுனா ஞாபகம் வருது. போன மாசம் அலுமினியம் கிராங்க்கேஸுல (கிராங்க் தண்டு சுத்துற அடிக்கூடு) விரிசல் தேட மேக்னடிக் பவுடர் போடச் சொன்ன மகான் யாரு, பிஸ்டன் சார்?

பழைய_பிஸ்டன்: இரும்பு லைனருக்கு, சிலிண்டரோட உள் குழாய்க்குச் சொன்னது. இழையைத் திறந்து படிங்க. அலுமினியத்துக்கு டை பெனட்ரன்ட்தான். எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, சிவப்புச் சாயம் தடவி, 15, 20 நிமிஷம் ஊற விட்டு, துணியால துடைச்சு, டெவலப்பரை (சாயத்தை வெளிய இழுக்குற வெள்ளைப் பொடி) மெல்லிசா அடிக்கணும். சிவப்புக் கோடா வந்தா விரிசல். புள்ளி புள்ளியா வந்தா வார்ப்புல இருக்குற நுண்துளை. சாயம் நீக்குற திரவத்தை நேரா வார்ப்பு மேல அடிச்சா விரிசலுக்குள்ள போன சாயமும் கழுவிப் போயிடும். அப்புறம் "விரிசலே இல்லை"ன்னு எழுதத் தோணும், சிலருக்கு.

மரை_எடுப்பவன்: சந்தேகம். கேஜை மட்டும் பார்த்தா போதாதா? 30ல வச்சு வால்வை மூடிட்டு, அரை மணி கழிச்சு முள் இறங்கினா லீக். தண்ணித் தொட்டி எதுக்கு?

பழைய_பிஸ்டன்: போதாது. அடைச்ச காத்து 10 டிகிரி குளிர்ந்தாலே முள் ஒண்ணரை பவுண்டு இறங்கும். லீக்கே இல்லாத பிளாக்கை உடைஞ்ச பிளாக்னு சொல்லிடுவீங்க.

வார்ப்பு_வாத்தியார்: ஆஹா! அப்ப உங்க 80 டிகிரியில? 25 டிகிரியில 30 பவுண்டு அடைச்சு, அப்படியே சூட்டுல இறக்கினா 38 ஆகும். 7 பவுண்டு ரேடியேட்டர் மூடிக்குச் செஞ்ச வார்ப்பு, துரு தின்னு 3 மில்லியா நிக்கிற சுவர். அதுல 38 பவுண்டு ஏத்துறதுக்குப் பேரு சோதனையா? பச்சைத் தண்ணியில இந்த வம்பே இல்லை.

பழைய_பிஸ்டன்: அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ரெகுலேட்டர்னு ஒரு சாமான் இருக்கு. பிளாக் சூடேறின பிறகு காத்து ஏத்துங்கன்னு நான் தனியாச் சொல்லணுமா? நிவாரண வால்வும் போடுங்க. கோர் பிளக் ஓட்டைக்கு (வார்ப்பு ஓட்டையை அடைக்கிற தகட்டு மூடி இருக்குற இடம்) 10 மில்லி இரும்புத் தகடு, அடியில 5 மில்லி ரப்பர், குறுக்கே பட்டை வச்சு போல்ட் இறுக்கணும். பழைய கோர் பிளக்கை நம்பி காத்து ஏத்தினா அது தோட்டாவா வரும், நேரா நிக்காதீங்க. இறக்கின உடனே சூட்டுத் தண்ணியில கரைஞ்சிருந்த காத்து பிரிஞ்சு பிளாக் மேல எல்லாம் முத்து முத்தா ஒட்டும். அதை லீக்னு நினைக்காதீங்க. கையால வழிச்சு விடுங்க. திரும்ப அதே இடத்துல வரிசையா எழும்புதுன்னா லீக். 80 டிகிரி.

நட்டுபோல்ட்டு: சரி, லீக் கிடைச்சாச்சு. அடைக்கிறது? வெல்டிங்னா முழு பிளாக்கையும் 600 டிகிரிக்கு ஏத்தி, நிக்கல் ராடால அங்குலம் அங்குலமா வச்சு, சுத்தியால தட்டி, சாம்பல்ல புதைச்சு ஆற விடணும். கொஞ்சம் அவசரப்பட்டா பக்கத்துல புது விரிசல்.

வார்ப்பு_வாத்தியார்: வெல்டிங் எதுக்கு? ஸ்டிட்சிங். விரிசல் முனை ரெண்டையும் முதல்ல துளைச்சு நிறுத்தி, நடுவுல மரையடிச்சு இரும்பு பின் வரிசை. ஒவ்வொரு பின்னும் பக்கத்துப் பின்னைக் கொஞ்சம் கடிச்சு உட்காரணும். பிளாக் சூடாகவே வேண்டாம்.

நட்டுபோல்ட்டு: 3 மில்லி சுவர்ல எந்த மரை பிடிக்கும்? அந்த 3 மில்லியை நீங்கதான் மேல சொன்னீங்க.

வார்ப்பு_வாத்தியார்: எல்லா இடமும் 3 மில்லின்னு எங்க சொன்னேன்?

பழைய_பிஸ்டன்: வாட்டர் கிளாஸைப் பத்தி ஏன் வாயைத் திறக்கலை? அதுல இருக்குற நீர் போனாதான் அது கண்ணாடியா இறுகும். சூட்டுவாயு படுற விரிசல்ல இறுகும், அதுவும் தற்காலிகம். முன்னாடி ஓட்டின கூலன்ட்ல இருந்த கிளைக்கால் (உறையாம இருக்கச் சேர்க்குறது) மிச்சம் இருந்தா ஜெல்லாத் திரிஞ்சு ரேடியேட்டர் குழாயை அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றாம, ரேடியேட்டரைப் பிரிக்காம "ஊத்துங்க"ன்னா யாரு பொறுப்பு? விரிசல் இல்லாம வெறும் நுண்துளைன்னா வெற்றிடத்துல ரெசின் ஏத்துறதுதான் வழி. காத்தை இழுத்து, ரெசினை உள்ள விட்டு, வெளிப்பக்கத்தைக் கழுவி, 90 டிகிரி தண்ணியில 10 நிமிஷம் வச்சா உள்ளேயே இறுகிடும். ஆனா பல வருஷம் எண்ணெய் குடிச்ச கிராங்க்கேஸ்ல ரெசின் நுழையாது. முதல்ல அடுப்புல வச்சு எண்ணெயை வியர்க்க விடணும். அலுமினியம்னா 150ஐத் தாண்டாதீங்க, பதம் இளகிடும்.

மரை_எடுப்பவன்: உள்பக்கம் கிளிப்டால், அந்த எண்ணெய் தாங்குற பெயின்ட், பூசினா?

வார்ப்பு_வாத்தியார்: பூசலாம். எண்ணெய் பட்ட இடத்துல பூசினா உரிஞ்சு எண்ணெய் வடிகட்டியில போய்ச் சேரும். அதை நான் எழுதினா பிஸ்டன் சார் 80 டிகிரியில பூசச் சொல்லுவார்.

பழைய_பிஸ்டன்: சிரிச்சுக்கிட்டே இருங்க. பரப்பு இழுவிசைக்குப் பதில் இன்னும் வரலை.

வார்ப்பு_வாத்தியார்: அந்தச் சின்னக் குமிழ் வேணும்னா தண்ணியில ரெண்டு சொட்டு சோப்பு போடுங்க, அடுப்பு எதுக்கு? பச்சைத் தண்ணி. 20 நிமிஷம்.

பழைய_பிஸ்டன்: சோப்பு போட்டா தொட்டி முழுக்க நுரை. அதுல விரிசலைத் தேடுறதுக்குத் தனிக் கண்ணு வேணும். 80.

நட்டுபோல்ட்டு: அந்த 5 மில்லி ரப்பர் 80 டிகிரி தண்ணியில தாங்குமா? சாதா ரப்பர் கொழகொழத்து பட்டையடியில இருந்து பிதுங்கும்.

வார்ப்பு_வாத்தியார்: ஹா! பதில் சொல்லுங்க சார்.

பழைய_பிஸ்டன்: சூட்டுத் தண்ணி தாங்குற ஈபிடிஎம் ரப்பர் போடுங்க. சாதா ரப்பர்னு நான் எங்க எழுதினேன்?