இம்பீடன்ஸ் மேட்சிங்: சமனா, பொருத்தமா, தளையா?

புதுச்சேரி, ஆய்வக ஆசிரியர்:
கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. எட்டாம் பயிற்சி 'இம்பீடன்ஸ் மேட்சிங்': ஆம்ப்ளிஃபையரின் ஒரு நிலை அடுத்த நிலைக்குச் சிக்னல் கொடுக்கும்போது இரண்டின் மறுப்பும் (இம்பீடன்ஸ், மாறுமின்னோட்டத்துக்கு உள்ள தடை) ஒன்றுக்கொன்று ஏற்றதாக இருப்பது. அதற்குத் தமிழ்த் தலைப்பு வேண்டும். முதல் நிலையில் டிரான்சிஸ்டரின் கலெக்டர் (வெளியீட்டு முனை) மின்தடை 4.7 கிலோ ஓம். வெளியீட்டு மறுப்பும் ஏறத்தாழ அதுவே. அடுத்த நிலையின் உள்ளீட்டு மறுப்பு 1 கிலோ ஓம். முதல் நிலையின் சிக்னலைத் தனியே அளந்தால் 1 வோல்ட், அடுத்த நிலையோடு இணைத்தால் 0.18 வோல்ட். 'மறுப்புச் சமனாக்கம்' சரிதானா?

கடலூர், ஆம்ப்ளிஃபையர் வேலை:
வேண்டாம் ஐயா. பையன்கள் 4.7க்கு 4.7 வைப்பார்கள், சிக்னல் பாதியாகும், 6 டெசிபல் போச்சு. சமம் வேண்டியது திறனை முழுதாகக் கடத்தும் இடத்தில்தான்: ஆன்டெனா, 50 ஓம் கேபிள் மாதிரி. இங்கே அடுத்த நிலை பத்து மடங்கு இருக்கணும். நடுவே பிசி547 டிரான்சிஸ்டரை எமிட்டர் ஃபாலோயராகப் (பேஸ் முனையில் வாங்கிய சிக்னலை எமிட்டர் முனையில் ஏறத்தாழ அப்படியே தரும் சுற்று) போடுங்கள். எமிட்டரில் 1 கிலோ ஓம். அடுத்த நிலையோடு சேர்ந்து 500 ஓம். பீட்டா (மின்னோட்டப் பெருக்கம்) 200 என்றால் பேஸில் 1 லட்சம் ஓம், அளவு 0.95 வோல்ட். பேஸைக் கலெக்டரோடு நேராக இணையுங்கள். கப்பாசிட்டர் வைத்து இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளால் பயாஸ் (பேஸுக்கு வேண்டிய நிலையான மின்னழுத்தம்) கொடுத்தால் அவையே 5 கிலோவாகக் குறுக்கே நிற்கும். ஃபாலோயர் இருந்தும் பாதிதான். வெளியே போகும் கப்பாசிட்டர் 10 மைக்ரோ. 1 மைக்ரோ போட்டால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸ் (தாழ்ந்த ஒலி) இறங்கிவிடும்.

நெல்லித்தோப்பு, தமிழாசிரியர்:
இது தளை! நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் பொருந்துவது. மாமுன் நேர் (நேரசையில் முடியும் மாச்சீருக்குப் பின் நேரசை) ஒன்றினால் ஆசிரியத்தளை, உங்கள் ஆன்டெனா. மாமுன் நிரை, விளமுன் (நிரையசையில் முடியும் விளச்சீருக்குப் பின்) நேர் என்று மாறி வந்தால் வெண்டளை, உங்கள் ஃபாலோயர். மாறுவதும் இலக்கணமே. பொருந்தாவிட்டால் 'தளைதட்டுகிறது' என்ற சொல்லும் ஆயத்தமாக இருக்கிறது. கலித்தளை, வஞ்சித்தளைக்கும் சுற்று தேடினால்...

கடலூர்:
தளைன்னா விலங்கு. சிக்னலைக் கட்டிப்போடுவதாகப் படிப்பான். தேடல் இன்னொரு நாள் ஐயா.

முத்தியால்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்:
பிரெஞ்சில் 'அதப்தசியோன்' என்பார்கள், தகவமைத்தல். 'மறுப்புத் தகவமைவு' என்றால் சமம் என்ற வாடையே இல்லை.

ஆய்வக ஆசிரியர்:
அது உயிரியல் பாடம் அம்மா. 'மறுப்புப் பொருத்தம்' போடுகிறேன். மூவர் சரி என்று தனியே எழுதிவிட்டார்கள்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்க. 'தளைதட்டல்' மட்டுமாவது பிழைகாணும் பகுதியில் வரட்டும்.

கடலூர்:
பொருத்தத்துக்கும் முழுச் சம்மதமில்லை. தலைப்புக்குக் கீழேயே 'பத்து மடங்கு' என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.